ஒருக்கால்தான் கேட்டவர்

ராசா,

இதை நீ வன்கூவரிலிருந்து வரும் விமானத்தில் வாசிப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும், பயணமும் நீளம், அதனால் ஆறுதலாக வாசி. தொலைபேசியிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் கதைக்கத் தொடங்கினால் நீ இடையில் "அம்மா, பொயின்ட்டுக்கு வாங்கோ" என்பாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். சனிக்கிழமை பெரியப்பாவின் காரியம் முடிந்த பிறகு இதை யார் வாசித்தாலும் எனக்குப் பிரச்சினை இல்லை. அதுவரைக்கும் உன் அப்பாவின் கண்ணில் மட்டும் படக்கூடாது.

சரி, பொயின்ட்டை முதலே சொல்லிவிடுகிறேன். பெரியப்பா தனக்குக் கொள்ளி வைக்கச் சொல்லி உன்னைக் கேட்டார், நீயும் ஓம் என்று சொல்லிவிட்டாய். அந்தக் கொள்ளியை நீ அப்பாவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஏன் என்பதற்குத்தான் மிச்சக் கடிதம்.

அவர் இறந்த செய்தியைப் பிரெஞ்சு வானொலியில் சொன்னார்கள். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன். மெய்யியல் பேராசிரியராக இருந்து மானிடவியலுக்கு வந்தவர், விருந்தோம்பலைப் பற்றி அவர் எழுதியதை இன்றைக்கும் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள், புலம்பெயர்ந்தவர்களைப் பார்க்கும் பார்வையையே மாற்றியவர் என்றெல்லாம் ஒரு பெண் அழகாகச் சொன்னாள். எல்லாம் உண்மைதான். அந்த மனிதருக்குச் சோறு வடிக்கத் தெரியாது, முன்னூற்றுநாலு தாள் விளையாடும்போது துரும்புச் சீட்டை ஒளிக்கத் தெரியாமல் முகத்திலேயே காட்டிக்கொடுப்பார், ஜான்-டலோன் சந்தையில் முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக் கடைக்காரனிடம் ஏச்சு வாங்கினார் என்பதை அவள் சொல்லவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்?

அவருடைய கதையை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய், நீ வளர்ந்தபோது அவர் வீட்டில் ஒரு கதிரை போல இருந்துவிட்டார். பிரான்சில் ஒரு சின்ன ஊரில் தபால்காரர் ஒருவருக்குப் பிறந்தவர். கெட்டிக்காரப் பிள்ளை, படித்துப் படித்து மெய்யியல் ஆசிரியரானார். விருந்தாளி என்றால் யார், அந்நியனுக்குக் கதவைத் திறப்பது என்றால் என்ன என்று தடித்த ஒரு புத்தகம் எழுதினார். எழுதி முடிக்கும்வரைக்கும் அவருடைய வீட்டுக்கு ஒருவரும் சாப்பிட வரவில்லையாம். "விருந்தாளியைப் பற்றி எழுதுகிற மனிதரே, இந்த வீட்டில் மூன்றாவது கோப்பை எப்போதாவது கழுவினோமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவருடைய மனைவி பிரிந்து போனாராம். இதை அவரே எங்களுக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். ஆனால் அந்தக் கேள்விதான் அவரை மெய்யியலை விட்டு எழுப்பியது. மனிதர் கதவைத் திறப்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று காரைக்கால் பக்கத்து மீனவர்களிடம் போய் இருந்தார், அங்கேதான் தமிழ் படித்தார். பிறகு மொன்றியலில் வேலை கிடைத்து வந்தார். அந்தக் காலத்தில்தான் நாங்களும் பெட்டி படுக்கையோடு இங்கே வந்து இறங்கினோம்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் புதிதாக வந்தவர்களுக்குப் பிரெஞ்சு வகுப்பு நடந்தது. அவர் சம்பளம் இல்லாமல் படிப்பித்தார். அப்பா சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் வேலை முடிந்து நேரே வகுப்புக்குப் போவார், பாதி நேரம் அங்கே தூங்குவார். ஒருநாள் கடும் பனிப்புயல், பஸ் நின்றுவிட்டது. அப்பா அவரைக் கையோடு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். வாசலில் பனியை உதறிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர், "தங்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறேன், மன்னிக்கவும்" என்று வானொலிச் செய்தி வாசிப்பது போலச் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குசினிக்குள் ஓடிவிட்டேன்.

தேத்தண்ணி கொண்டுவந்தேன். "வேண்டாம், நன்றி" என்றார். முன்னால் வைத்தேன், குடித்தார். இடியப்பமும் சொதியும் வைத்தேன். "ஐயோ வேண்டாம்" என்றார். போட்டேன், சாப்பிட்டார். இன்னும் இரண்டு போட்டேன், அதையும் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து, "அம்மா, நான் வேண்டாம் என்றேன், நீங்கள் ஏன் கொடுத்தீர்கள்?" என்று மிகவும் பணிவாகக் கேட்டார். எனக்கு விளங்கவில்லை. "வேண்டாம் எண்டு எல்லாரும்தானே சொல்லுறது" என்றேன். "வேண்டும் என்று யார் சொல்வார்?" என்றார். "ஒருத்தரும் சொல்லமாட்டினம். வெக்கமெல்லோ." அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். அவருக்குப் புதையல் அகப்பட்ட மாதிரி இருந்திருக்கிறது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சொதியிலிருந்து ஒரு புத்தகமே வந்தது. நீ அதைப் பிரெஞ்சில் வாசித்திருப்பாய், நான் அவர் வாயால் கேட்டதைச் சொல்கிறேன். "சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்பவருக்கு ஒரு கஷ்டமும் இல்லையாம். கேட்கப்பட்டவர்தான் தன் பசியைத் தன் வாயால் சொல்லவேண்டி வருகிறது. ஆகவே தன்மானம் உள்ளவர் வேண்டாம் என்பார், கேட்டவர் தன் கடமை முடிந்தது என்று போய்விடுவார். உண்மையாகக் கொடுக்க நினைப்பவர் கேட்கமாட்டார், கொண்டுவந்து வைப்பார். இதைத்தான் முந்நூறு பக்கத்தில் எழுதினார். "இதுக்கும் உங்களுக்குச் சம்பளம் தாறாங்களோ?" என்று நான் கேட்டதற்கு, "இதற்குத்தான் தருகிறார்கள். இதற்கு முன்னால் எழுதியதற்கெல்லாம், இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுத் தந்தார்கள்" என்றார்.

அந்தப் புத்தகத்தால் எனக்கு வந்த ஒரே நன்மை உன்னுடைய பிரெஞ்சுக் கூட்டாளியின் விஷயம்தான். உனக்கு நினைவிருக்கும். அந்தப் பெடியன் நம் வீட்டுக்கு விளையாட வந்து, சோறு போட்டதும் "நோன் மெர்சி", வேண்டாம் என்றான். நான் போட்டேன். மறுபடி சொன்னான். மறுபடி போட்டேன். பின்னேரம் அவனுடைய தாய் தொலைபேசி எடுத்து, சாப்பிட்டு முடித்தால்தான் வெளியே விடுவார்கள் என்று பிள்ளை பயந்து தின்றிருக்கிறான், வீட்டுக்கு வந்து சத்தி எடுத்தான் என்று பொரிந்து தள்ளினா. என் பிரெஞ்சு அந்த நேரத்துக்குப் போதாது. அன்றைக்கு அவர் வந்திருந்தது நல்லதாகப் போயிற்று. தொலைபேசியை வாங்கிக் கதைத்தார், கதைத்தார், கதைத்தார். கடைசியில் அந்தத் தாய் சிரிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. அடுத்த கிழமை ஒரு அப்பிள் பை செய்து கொண்டுவந்து, கேட்காமலே மேசையில் வைத்துவிட்டுப் போனா. மானிடவியல் என்றால் ஏதோ உதவாத படிப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

உறவு முறை வந்ததும் அவரால்தான். அப்பா முதல் கிழமையிலேயே அவரை அண்ணை என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார், அவர் அப்பாவைத் தம்பி என்றார். நான் புரொபெசர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கடதாசியில் கோடு கீறிக் காட்டினார். "இவர் என் தம்பி. நீங்கள் தம்பியின் மனைவி. நீங்கள் என்னைப் புரொபெசர் என்றால் இந்தக் கோடு எங்கே போய் முட்டும்?" என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். வேறு வழி இல்லாமல், புருஷனின் அண்ணனுக்குரிய முறைப்படி அத்தான் என்றேன். கூப்பிட்டுவிட்டு இரண்டு நாள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. நீ பிறந்தபோது உனக்குப் பெரியப்பா தயாராக இருந்தார். பகலில் உன்னை விட்டுப்போகும் கார்டெரியில் இருந்து கூட்டிவந்தவரும் பாதி நாள் அவர்தான், அப்போது நானும் புவாண்ட்-கிளேரில் களஞ்சிய வேலைக்குப் போய்வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னூற்றுநாலு. அவரும் அப்பாவும் ஒரு பக்கம், நீயும் நானும் மறுபக்கம். நீ வன்கூவருக்குப் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரர் உன் இடத்துக்கு வந்தார், ஆனால் அந்த இருவரும் பக்கம் மாறவில்லை. பெரியப்பா படுக்கையில் விழுந்த பிறகு அப்பாதான் தினமும் மெத்ரோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார். போத்தலில் ரசம் கொண்டுபோவார். தாடி வழித்துவிடுவார். தாதி செய்வாள் என்று சொன்னாலும் கேட்காமல் கால் கழுவிவிடுவார். நீ தொலைபேசியில் கதைத்தாய், அதைக் குறையாகச் சொல்லவில்லை. உன் குரலைக் கேட்டால் அவருக்கு அன்றைய சாப்பாடு இறங்கும். ஆனால் யார் எங்கே நின்றார்கள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இனித்தான் விஷயம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல், போன இலையுதிர் காலத்தில், எங்கள் மேசையில் விளையாடிக்கொண்டிருந்தோம். வைத்தியர் சொன்னது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அவர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இவ்வளவு காலத்தில் அவருடைய தமிழும் எங்கள் தமிழாகிவிட்டது. "தம்பி, எனக்குக் கோயிலும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். உங்கடை முறையிலை நெருப்பு வேணும். நீர் எனக்குக் கொள்ளி வைப்பீரோ?" அப்பா தலையை நிமிர்த்தவில்லை. "விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. தாளைப் போடுங்கோ" என்றார். அவர் தாளைப் போட்டார். அந்த ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள்.

நீயே சொல்லு, அப்பா வேறு என்ன சொல்லியிருப்பார்? ஒரு மனிதர் தன் சாவைப் பற்றிக் கதைத்தால் நாங்கள் "ஓம், வைக்கிறன்" என்போமா? அது "நீங்கள் எப்ப போவியள்" என்று கேட்பது போலல்லவா? முதல் தரம் ஏசுவோம். அடுத்த தரம் பேசாமல் இருப்போம். அதற்குப் பிறகுதான் "உதையெல்லாம் நான் பாக்கமாட்டனோ" என்று ஏற்றுக்கொள்வோம். இது எல்லாம் தெரிந்த மனிதர் அவர், இதை வைத்தே புத்தகம் எழுதியவர். வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று முழு உலகத்துக்கும் படிப்பித்தவர், தன் தம்பி வேண்டாம் என்றதை மட்டும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார். சாவு கிட்ட வரும்போது திரும்பவும் பிரெஞ்சுக்காரர் ஆகிவிட்டார் போல. இல்லையென்றால், தம்பியின் மனதை இன்னொரு தரம் நோகடிக்கக் கூடாது என்று நினைத்தாரோ தெரியாது. நானாவது அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம். அடுத்த ஞாயிறு மறுபடி கேட்பார் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். அவர் கேட்கவில்லை. உனக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். நீ இங்கே பிறந்த பிள்ளை, கேட்டால் பதில் சொல்லுகிற பிள்ளை, ஒரே மூச்சில் "ஓம் பெரியப்பா" என்றாய். அது நல்ல பதில். அவர் நிம்மதியாகத்தான் போயிருப்பார்.

அவர் போன அன்று நீ அதை எங்களுக்குச் சொன்னாய். அன்றிலிருந்து அப்பா ஒரு மாதிரி. சாப்பிடுகிறார், தூங்குகிறார், ஆட்களுக்குத் தொலைபேசி எடுத்து, "மகன்தான் வைக்கிறான், அண்ணையின்ரை விருப்பம்" என்று சொல்லுகிறார். வேட்டியை எடுத்து அயர்ன் பண்ணுகிறார், திரும்ப மடித்து உள்ளே வைக்கிறார். ரொறன்ரோ மாமி அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, "தகப்பன் உயிரோடை இருக்கேக்கை பெடியன் இன்னொருத்தருக்குக் கொள்ளி வைக்கக்கூடாது, அது உங்களுக்குத்தான் கூடாது" என்று ஓதினா. ஓகோ, அதுதான் மனிதர் பயந்துபோனார் என்று நானும் நினைத்தேன்.

நேற்று வாசலில் காரின் குளிர்காலச் சில்லுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். தேத்தண்ணியோடு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மாமி சொன்னதை நினைச்சோ இருக்கிறியள்? உங்களுக்கு ஒண்டும் ஆகாது" என்றேன்.

"மாமிக்கு வேறை வேலை இல்லை" என்றார்.

"அப்ப என்ன?"

சில்லைச் சுவரோடு சாத்திவைத்தார். "நான் அவரின்ரை தம்பியெல்லோ. தம்பி குத்துக்கல்லு மாதிரி இஞ்சை இருக்கேக்கை, வன்கூவரிலை இருக்கிற பெறாமகனைக் கூப்பிடுறதோ?"

"உங்களைக் கேட்டவர்தானே. என்ரை கண்ணுக்கு முன்னாலை கேட்டவர். நீங்கள்தான் விசர்க்கதை எண்டனீங்கள்."

"ஒருக்கால்தான் கேட்டவர்" என்றார் அப்பா. "ஒருக்கால் கேட்டால் ஆரப்பா ஓம் எண்டுறது?"

அழுதாரா என்று நீ கேட்பாய். இல்லை. தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த சில்லைக் கழற்றினார். நான்தான் உள்ளே வந்து அழுதேன். எனக்கு இவர்கள் இரண்டு பேரிலும் கோபம் கோபமாக வந்தது. ஒருவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை, மற்றவர் முதல் தரம் சொல்லவில்லை. முப்பது வருடம் ஒரே பக்கம் இருந்து தாள் விளையாடி என்ன பிரயோசனம்?

உன் மனம் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். வந்து இறங்கியதும், "அப்பா, உங்களுக்கு விருப்பம் எண்டால் நீங்கள் வையுங்கோ" என்று நேரே கேட்கலாம் என்று நினைப்பாய். உனக்கு அதுதான் மரியாதை. உன் கலியாணத்துக்கு நான் மருமகளைக் கேட்காமல் கூறைச்சேலை வாங்கிவந்தபோது, "அம்மா, கட்டப்போறது அவள். அவளைக் கேட்டனீங்களோ?" என்று நீ கேட்டாய். இரண்டு கிழமை உன்னோடு கதைக்கவில்லை நான். பிறகு அவளைக் கேட்டேன். நிறம் பிடிக்கவில்லை என்றாள், மாற்றினோம். இப்போது அவளிடம் எல்லாவற்றையும் கேட்கிறேன். அவள் ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை. எவ்வளவு லேசு என்று சில நேரம் பொறாமையாகவும் இருக்கிறது. பெரியப்பாவும் அந்தச் சண்டையில் உன் பக்கம்தான் நின்றார். "கேளாமல் கொடுப்பதற்கு மற்றவருடைய பசி தெரிந்திருக்கவேண்டும். தெரியாவிட்டால் கேட்கத்தான் வேண்டும்" என்றார். அந்த வரி புத்தகத்தில் இருக்கிறதோ தெரியாது, எனக்குச் சொன்னார்.

அப்பாவின் பசி எனக்குத் தெரியும். இப்போது உனக்கும் தெரியும். ஆகவே கேட்காதே. கேட்டால், "உன்னைத்தானே சொன்னவர், நீயே வை" என்பார். நீ அதை நம்பிவிடுவாய், அவர் மிச்சக் காலம் முழுக்க ஒன்றும் சொல்லாமல் இருப்பார். பெரியப்பாவின் சொல்லை மீறுகிறோமோ என்று யோசிக்காதே. அவர் முதலில் கேட்டது அப்பாவைத்தான், உன்னிடம் வந்தது அப்பா மறுத்துவிட்டார் என்று நினைத்துத்தான். பல்கலைக்கழகத்துக்காரர் அவருடைய புத்தகங்களைப் பார்த்துக்கொள்வார்கள். அவருக்குத் தம்பி இருந்தான் என்பதை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை நடப்பது இப்படித்தான் இருக்கும். உடலை வைத்திருக்கும் மலர்ச்சாலையில் பல்கலைக்கழகத்து ஆட்கள் முன்வரிசையில் இருப்பார்கள், நம்முடைய ஆட்கள் பின்னால் நின்று கதைப்பார்கள். இங்கே கொள்ளிக்கட்டை இல்லை, பெட்டியின்மேல் கற்பூரம் ஏற்றிவிட்டு உள்ளே போய் ஒரு பொத்தானை அமத்துவதுதான். அதற்கு முதல் ஐயர் தர்ப்பையோடு வந்து, கொள்ளி வைப்பவர் யார், கையை நீட்டுங்கோ என்பார். அப்பா உன்னைக் காட்டுவார். நீ வாய் திறக்காதே. உன் கையை நீட்டாதே. அவருடைய வலது கையைப் பிடித்து ஐயருக்கு முன்னால் நீட்டு. "எனக்கு வேண்டாம், நீ வை" என்பார். இன்னொரு தரமும் சொல்லுவார். கையை இழுப்பார், அவருக்கு இன்னும் பலம் இருக்கிறது.

விடாதே, ராசா. தர்ப்பை விரலில் ஏறும்வரைக்கும் விடாதே.

அம்மா